இஷ்யூவில் வந்த ரசனை

போன மாதம் கைபேசியில் இடம் போதவில்லை என்று சொல்லி, வேண்டாதவற்றை அழித்துத் தரும்படி மகளிடம் கொடுத்தேன். அவள் படங்களையெல்லாம் விட்டுவிட்டுப் பாட்டுப் பட்டியலில் போய் நின்றாள். இருநூற்றுச் சொச்சம் பாட்டுகளில் பாதிக்கு மேல் பஞ்சாபி, மீதியில் பெரும்பங்கு இந்தி. தமிழ் முப்பதைத் தாண்டவில்லை. "அப்பா, இதெல்லாம் உங்களுக்கு நெசமாவே பிடிக்குமா, இல்ல பழக்கமா?" என்று கேட்டாள். கேலி இல்லை, அழிக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அழிக்காதே என்று மட்டும் சொல்லி மழுப்பிவிட்டேன். 1991-இல் சிப்பாயாகச் சேர்ந்து, 24 ஆண்டுகள் கழித்து ஹவல்தாராக ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பஞ்சாபி சரளமாகப் பேச வராது, அதன் எழுத்தைப் படிக்கவும் தெரியாது. ஆனாலும் டோல் என்ற பஞ்சாபி மேளத்தின் முதல் அடி விழுந்ததும் என் தோள் தானாக எழும்புகிறது. தோளைக் கேட்டால் பிடிக்கும் என்றுதான் சொல்லும். என்னைக் கேட்டபோதுதான் பதில் வரவில்லை.

பட்டாளத்தில் ஒருவனுக்குக் கொடுக்கப்படும் பொருளை 'இஷ்யூ' என்போம். பூட்ஸ், கம்பளி, கொசுவலை, தண்ணீர்க் குப்பி எல்லாமே இஷ்யூ. எனக்கு முதலில் வந்த பூட்ஸ் அரை அளவு பெரியது. மாற்றித் தரக் கேட்டபோது, "பூட்ஸ் காலுக்குப் பொருந்தவில்லை என்றால் காலைப் பூட்ஸுக்குப் பொருத்திக்கொள்" என்று பயிற்சி தந்த உஸ்தாத் சிரித்தார். ஆறு மாதத்தில் பொருந்திவிட்டது. எது எதற்கு இணங்கியது என்று நான் பார்க்கவில்லை. ரசனையும் அப்படி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய சரக்குதானா என்ற கேள்வி மகள் கேட்ட நாளிலிருந்து என்னை விடவில்லை. பணி முடிந்து வரும்போது கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஸ்விட்ச் யார் கையில்

நான் இருந்த பிரிவு எல்லா மாநிலத்தாரும் கலந்தது. வெலிங்டனை மையமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அங்கே இருந்த நண்பர் ஒருவர், தங்கள் பாரக்கில், அதாவது சிப்பாய்கள் தங்கும் கூடத்தில், சண்டையே தமிழ்ப் பாட்டுக்கும் மலையாளப் பாட்டுக்கும்தான் என்று சொல்லுவார். எங்கள் பாரக்கில் முப்பது பேர். அதில் தெற்கத்தியர் மூன்று பேர். எங்கள் மூவருக்கும் பெயர் ஒன்றுதான்: 'அண்ணா'. வயதில் மூத்த சுபேதார் சாப்கூட என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையும் அல்ல, அவமரியாதையும் அல்ல. தெற்கிலிருந்து வந்தவன் என்பதற்கான ஒரு சுருக்கெழுத்து.

இன்ன பாட்டைத்தான் கேட்க வேண்டும் என்று ஓர் உத்தரவு என் கண்ணில் ஒருநாளும் பட்டதில்லை. தலைமுடியின் நீளத்துக்கும் மீசையின் அகலத்துக்கும் பெட்டியின் மேல் துண்டை மடித்து வைக்கும் விதத்துக்கும் ஆள் வைத்துப் பார்ப்பவர்கள், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாரக்கில் இருந்தது ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அது மரத்தட்டின் மேல், எல்லாருக்கும் பொதுவாக, அதாவது சீனியர்களுக்கு அருகில் இருந்தது. மாலையில் விவித் பாரதியின் 'ஜெய்மாலா' வரும். படைவீரர்கள் கேட்டு எழுதும் இந்திப் படப் பாடல்களைப் போடும் நிகழ்ச்சி அது, பல பத்தாண்டுகளாக நடந்துவந்தது. அது முடிந்தால் கேசட். கேசட் என்றால் பஞ்சாபி ஆட்டப்பாட்டான பாங்க்ரா. 1995-இல் தலேர் மெஹந்தியின் முதல் தொகுப்பு வந்த பிறகு நிலைமை இன்னும் தீவிரமாகிவிட்டது; அந்த ஆண்டில் பாரக்கில் இருந்தவர்கள் யாரும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கோயில் வழிபாடான மந்திர் பரேட் முடிந்து எல்லாரும் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், துணிந்து என் கேசட்டைப் போட்டேன். இளையராஜாவின் மெதுவான பாட்டு ஒன்று. முகப்பில் வயலின்கள் நீளமாக ஒலிக்கும். குரல் வருவதற்கே முக்கால் நிமிடம் ஆகும். அந்த முக்கால் நிமிடம் முடிவதற்குள், தோளில் ஈரத் துணியோடு போய்க்கொண்டிருந்த ஒருவன் நின்று, "அண்ணா, யார் செத்தது?" என்று கேட்டான். பாரக்கே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தவன் வந்து, கோபமே இல்லாமல், ஈக் கடியைச் சொறிவதுபோல் இயல்பாக, நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.

இன்றுவரை எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தப் பொத்தான் அல்ல, அந்தச் சிரிப்புதான். உத்தரவு என்றால் வெளியே கீழ்ப்படிந்துவிட்டு உள்ளே முரண்டு பிடிக்கலாம். பட்டாளத்தான் எல்லாருக்கும் கைவந்த கலை அது. சிரிப்பு அப்படிப்பட்டது இல்லை. அடுத்த முறை விடுப்பில் ஊருக்குப் போய் அதே பாட்டைத் தனியாகக் கேட்டபோது, நான் அதை அவர்கள் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். முகப்பு நீளம்தான் என்று பட்டது. வயலின் கொஞ்சம் அழுகிறதுதான் என்று பட்டது. பதின்மூன்று வயதிலிருந்து எனக்குச் சொந்தமாக இருந்த ஒரு பாட்டுக்காக, ஆளில்லாத அறையில் நான் வெட்கப்பட்டேன்.

இதில் பஞ்சாபிகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பாரக்கில் பஞ்சாபிகள் ஐந்து பேர்தான். மற்றவர்களில் கட்வாலி இருந்தான், பிகாரி இருந்தான், வங்காளி இருந்தான், ஜம்முவின் டோக்ரா இருந்தான். அவரவர் பாட்டு அவரவர் பெட்டிக்குள்தான் கிடந்தது. கட்வாலி ஒருவன் மலைப்பாட்டு ஒன்றைக் குளிக்கும்போது மட்டும் பாடுவான், தண்ணீர் நின்றால் பாட்டும் நின்றுவிடும். பெரும்பான்மையின் ரசனை சிறுபான்மையின் மேல் ஏறியது என்று சொல்லிவிட முடியாதபடி, யாருடைய ரசனையாகவும் இல்லாத ஒன்றின் கீழ் முப்பது பேரும் ஒதுங்கிக்கொண்டிருந்தோம். பாங்க்ரா அதற்கு வசதியாக இருந்தது: ஜோடி வேண்டாம், சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டாம், கையைத் தூக்கித் தோளைக் குலுக்கத் தெரிந்தால் போதும். அணிவகுப்புக்குப் பழகிய உடம்புக்கு அது கடினமே இல்லை.

ஒட்டிய துளை

அந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறுபது நிமிடக் கேசட். பட்டாளத்துக்குக் கிளம்புவதற்கு முன், பாட்டுகளின் பட்டியலை நானே வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியது. யாரும் தப்பித்தவறி மேலே பதிவு செய்துவிடக் கூடாது என்று அதன் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் ஒடித்திருந்தேன். கேசட் காலத்தவர்களுக்கு அந்தத் தாழ்கள் நினைவிருக்கும். ஒடித்துவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது.

ஒருமுறை விடுப்பில் போகும்போது அதை மறந்து விட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டில் லான்ஸ் நாயக் அதை என்னிடம் நீட்டினார். அந்த இரண்டு துளைகளின் மேலும் ஒட்டுத்தாள் அழகாக ஒட்டப்பட்டிருந்தது. அட்டையில் நீல மையால் இந்தியில் ஏதோ எழுதியிருந்தது. பட்டாளத்தின் பொது விருந்தான படாகானாவுக்குக் காலிக் கேசட் கிடைக்கவில்லை, உன் கேசட்டில் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருந்தது, அதனால் நல்ல பாட்டுகளாகப் பதிந்து வைத்திருக்கிறேன் என்றார். அவர் முகத்தில் களவு இல்லை. பரிசு கொடுப்பவரின் முகம்தான் இருந்தது. நன்றி சொன்னேன்.

வேறு கேசட் வாங்கும் வரை அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது; ஓரிரண்டு ஆண்டுகள் கேட்டிருப்பேன். பொறுமை இல்லாதவர் பதிவு செய்தது, அதனால் ஒரு பஞ்சாபிப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், அழிபடாமல் தப்பிய பழைய பாட்டின் ஒரு துணுக்கு வந்து போகும். மூன்றாவது பாட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு பெண் குரலின் அரை வரி. ஆறாவதுக்குப் பிறகு இரண்டு தாளக்கட்டுத் தபேலா. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், புதிய பதிவு தீர்ந்துபோன இடத்தில், ஒரு முழுச் சரணம். அந்தச் சரணத்துக்காக முழுப் பக்கத்தையும் கேட்பேன். வேகமாக ஓட்டியிருக்கலாம், ஏனோ ஓட்டவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பஞ்சாபிப் பாட்டுகள் மனப்பாடம் ஆயின. இன்றும் அந்த மூன்றாவது பாட்டு வேறு எங்கே ஒலித்தாலும், அது முடிந்த கணத்தில் அந்த அரை வரி தமிழ் எனக்குள் ஓடுகிறது. மூலத்தில் அது கிடையாது என்பதை மூளை அறியும். காது அறியாது.

நூற்றிருபது அடி

பொதுவான பாட்டு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். அணிவகுப்பில் 'தேஜ் சல்', வேக நடை, என்றால் நிமிடத்துக்கு 120 அடி. 'தீரே சல்' என்றால் 70. ஆயிரம் பேரின் குதிகால் ஒரே நொடியில் தரையைத் தொட வேண்டும் என்றால், அவரவர் தாளத்தை அவரவர் மறந்தாக வேண்டும். உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் நாளில் பேண்டு வாசிக்க, ஒரே வரிசையாக நாங்கள் திரும்பியபோது என் உடம்பில் ஏறிய சிலிர்ப்பை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். தனியாக நடக்கும் எவனுக்கும் அது கிடைக்காது.

அந்த மெட்டுகளுக்கும் வரலாறு உண்டு. இன்று நம் இராணுவம் நடைபோடும் 'கதம் கதம் படாயே ஜா', நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பிறந்தது. மெட்டமைத்தவர் கூர்க்கா படையிலிருந்து வந்த ராம் சிங் தாக்குரி. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அங்கே பொது மொழி ஹிந்துஸ்தானி, அதையும் ரோமன் எழுத்தில் எழுதிக் கற்றுக்கொடுத்தார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ் இளைஞன், தனக்குத் தெரியாத மொழிப் பாட்டை, அந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்தில் பார்த்துப் படித்து, உயிரைக் கொடுக்கத் தயாராகிப் பாடியிருப்பான். அது அவனுடைய பாட்டு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1941-இல் ஜெர்மானியர் வசமிருந்த பெல்கிரேட் வானொலி, லாலே ஆண்டர்சன் பாடிய 'லிலி மார்லீன்' பாட்டை இரவுதோறும் ஒலிபரப்பியது. பாரக்கு வாசலில் காத்திருக்கும் பெண்ணை நினைக்கும் சிப்பாயின் பாட்டு அது. வீரம் அதில் மருந்துக்கும் இல்லை. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பிடித்திருந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எதிரே நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் பிடித்துப்போய், எதிரியின் வானொலியைத் திருப்பிவைத்துக் கேட்டார்கள். படை விரும்பாத பாட்டைப் படைவீரன் விரும்பிய கதை என்று இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அங்கேயும் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் விரும்பினார்கள் என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

"யார் செத்தது?" என்று கேட்கவைத்த அந்த வயலினைப் பற்றி ஒன்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் பாலுசாமி தீட்சிதர். சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர், கம்பெனியாரின் பேண்டுகள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார்; சங்கராபரணத்தில் இருக்கும் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அவை, ஏறத்தாழ நாற்பது. பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுக்குக்கூட அவற்றில் ஒன்று உண்டு. இன்று பள்ளிப் பிள்ளைகள் பக்தியோடு பாடுகிறார்கள். நான் பாரக்கில் வெட்கப்பட்டுக் காத்த அந்தச் சொந்தச் சரக்குக்குள்ளேயே, இருநூறு ஆண்டுக்கு முன்னால் வேறொரு பட்டாளத்து பேண்டின் சுவடு இருந்திருக்கிறது. இதை அந்த ஈரத் துணிக்காரனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அதற்குள் பொத்தானை அழுத்தியிருப்பான்.

தம், கௌன் ஆத்தா ஹை?

இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன். பணியின் பதினெட்டாம் ஆண்டோ பத்தொன்பதாம் ஆண்டோ, நான் ஹவல்தார். கைபேசி எல்லாரிடமும் வந்துவிட்டது, கூடவே இயர்போனும். பாரக்கில் தட்டின் மேல் இருந்த பொது டேப் ரெக்கார்டர் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. இனி அவரவர் பாட்டு அவரவர் காதில், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நேர்மாறாக ஆயிற்று. முன்பெல்லாம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் காதில் விழுந்தது, அதனால் எல்லாரும் கேட்பதாகக் கணக்கு. இப்போது காதை அடைத்துக்கொண்டவன் யார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவன் 'தனி ஆள்' ஆனான். பட்டாளத்தில் ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான சொற்களில் அதுவும் ஒன்று.

அந்த ஆண்டு படாகானாவில் மூலையில் ஒரு மிசோ பையன் உட்கார்ந்திருந்தான். வந்து நான்கு மாதம் இருக்கும். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காதில் இயர்போன் வைத்து, தலையைக் குனிந்து, விரலால் முழங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தாளத்துக்கும் பந்தலில் ஓடிய தாளத்துக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாரையும் ஆட வைப்பது அன்று என் பொறுப்பு. கமாண்டிங் ஆபீசர் குடும்பத்தோடு வந்திருந்தார், ஒருவனும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சுபேதார் சாப் சொல்லியிருந்தார். நான் போய் அவன் காதிலிருந்து அதை என் கையால் உருவினேன். "ஃபௌஜி ஹோ, ஃபௌஜி கீ தரஹ் ரஹோ" என்றேன். சிப்பாய் என்றால் சிப்பாயைப் போல இரு. அந்த வாக்கியம் எனக்கு யோசிக்காமலே வந்தது. எனக்குச் சொல்லப்பட்ட அதே வாக்கியம், அதே தொனி, பல்லைக் காட்டி முதுகில் ஒரு தட்டு உட்பட.

அவன் எழுந்து ஆடினான். நன்றாகவே ஆடினான், எங்கள் எல்லாரையும்விட நன்றாக. கை சரியான உயரத்துக்குப் போயிற்று, தோள் சரியான இடத்தில் குலுங்கியது, முகத்தில் சரியான அளவுக்குச் சிரிப்பு இருந்தது. கமாண்டிங் ஆபீசர் கைதட்டினார். அந்தச் சிரிப்பை நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஈரத் துணிக்காரன் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பு அது. என் முகத்தில் இருந்தபோது அதை நான் பார்த்திருக்கவில்லை. வெளியிலிருந்து அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து நான் கார்டு கமாண்டர். அவன் இரவு இரண்டு மணி சென்ட்ரி. பனிக்காலம். சுற்றிப் பார்க்க நான் போனபோது, கொட்டகைக்கு முப்பது அடி தூரத்திலேயே அவன் முனகுவது கேட்டது. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும் மெட்டு. எனக்குத் தெரிந்த மெட்டாக இருந்தது, எங்கே கேட்டது என்றுதான் தெரியவில்லை. என் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அது அறுந்தது. "தம்! கௌன் ஆத்தா ஹை?" என்று குரல் வந்தது. நில், யார் வருவது? பதில் சொல்லிப் பக்கத்தில் போனேன். காவலில் முனகியதற்காக அவனைக் கண்டித்திருக்க வேண்டும், கண்டிக்கவில்லை. படாகானாவில் செய்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு வாரமும் மனத்தில் இருந்தது. இதுதான் தருணம் என்று நினைத்து, என்னால் முடிந்த அளவு கனிவாக, "காவோ" என்றேன். பாடு.

அவன் விறைத்து நின்று, "ஜி உஸ்தாத்" என்றான். பிறகு பாடத் தொடங்கினான். படாகானாவில் நான் அவனை ஆடவைத்த அந்தப் பஞ்சாபிப் பாட்டை. துப்பாக்கியை மார்போடு பிடித்தபடி, நேரே பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. உச்சரிப்பில்கூடத் தப்பு இல்லை. நான்கு மாதத்தில் அந்த அளவுக்குப் படித்து வைத்திருந்தான். இது இல்லை, நீ முனகினாயே அது என்று சொல்ல நான் இரண்டு முறை வாயெடுத்தேன். அதுவும் இன்னொரு உத்தரவாகத்தான் விழும் என்று தோன்றியது. பாடி முடித்ததும் "ஷாபாஷ்" என்றேன். வேறென்ன சொல்ல.

சொந்தம் என்றால்

அந்த மெட்டு எது என்று ஒரு மாதம் கழித்துத் தொலைக்காட்சி முன்னால்தான் தெரிந்தது. ஜனவரி 29, டெல்லி விஜய் சௌக்கில் குடியரசு நாள் விழாவை முடித்துவைக்கும் பீட்டிங் ரிட்ரீட். பேண்டுகள் 'அபைடு வித் மீ' வாசிக்க, தூரத்தில் மணிகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. காந்திக்குப் பிடித்த பாட்டு என்பதால் ஆண்டுதோறும் வாசித்துவந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கேட்டும் எனக்கு அது டெல்லிப் பரேடின் மெட்டு, அவ்வளவுதான். பின்வரிசையில் நின்றிருந்த அந்தப் பையன், பக்கத்தில் இருந்தவனிடம், "இது எங்கள் பாட்டு" என்றான். எங்கள் சர்ச்சில், யாராவது இறந்தால் பாடுவோம். நான்கு குரலாகப் பிரிந்து பாடுவோம், நான் மூன்றாவது குரல் என்றான். அவன் படாகானாவில் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது எதுவாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் பாட்டு என்று அவன் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. சொற்களை எழுதியவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஹென்றி பிரான்சிஸ் லைட். மெட்டு, 1861-இல் வில்லியம் ஹென்றி மங்க் போட்டது. மிசோ மலைக்கு 1894-இல் மிஷனரிகள் வந்து தங்கிய பிறகுதான் இப்படிப்பட்ட பாட்டுகள் அங்கே வேர்விட்டன. அவர்களுடைய பழைய பாட்டுகளும் முரசுகளும் ஆரம்பத்தில் சர்ச்சுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டன. அதாவது, அவனுடைய கொள்ளுத் தாத்தாவுக்கு அது இஷ்யூவில் வந்த பாட்டு. அவனுக்கு இரவு இரண்டு மணிக்குப் பனியில் தானாக வாயில் வரும் பாட்டு. நடுவில் எந்தத் தலைமுறையில் அது சொந்தமாயிற்று என்று யாராலும் தேதி குறிக்க முடியாது.

2022-இல் பீட்டிங் ரிட்ரீட்டிலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, 'ஏ மேரே வதன் கே லோகோ'வை வைத்தார்கள். சீனப் போரில் இறந்தவர்களுக்காக எழுதப்பட்டு, 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில் லதா மங்கேஷ்கர் பாடியது. அந்நியப் பாட்டு போய் நம் பாட்டு வந்தது என்று ஒரு தரப்பும், காந்தியின் பாட்டை அகற்றிவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இந்திப் பாட்டு முழுதும் தெரியும். கேட்டால் தொண்டை அடைக்கும், பொய் சொல்லவில்லை, உடன் இருந்து இறந்தவர்களின் முகம் வரும். என் அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன பாட்டு தாய்மொழியிலேயே தெரிந்திருக்கும். எது நம்முடையது என்று அவ்வளவு உறுதியாகப் பேசியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

2015-இல் எனக்கு விடைகொடுத்த படாகானாவில், அதற்குள் நாயக்காகியிருந்த அந்தப் பையன்தான் பாட்டுப் பொறுப்பு. என்னை நடுவில் நிறுத்தி, உஸ்தாதுக்காக ஒன்று என்று அறிவித்து, கைபேசியில் தேடிப் பிடித்த ஒரு தமிழ்ப் பாட்டைப் போட்டான். நான் என் வாழ்நாளில் விரும்பிக் கேட்டிராத, காது கிழியும் குத்துப்பாட்டு. அவனுக்கு என்ன தெரியும். 'தமிழ், டான்ஸ்' என்று தேடியிருப்பான். முப்பது நாற்பது பேர் கையைத் தூக்கித் தோளைக் குலுக்கி அந்தப் பாட்டுக்குப் பாங்க்ரா ஆடினார்கள். நானும் ஆடினேன். சாவு மேளத்திலிருந்து கல்யாண ஊர்வலம் வரை குத்துக்கு எப்படி ஆடுவார்கள் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவன்தான் நான். அன்று என் கால்கள் பாங்க்ராதான் ஆடின. மாற்றிப் பார்த்தேன், வரவில்லை. அவன் எதிரில் நின்று ஆடிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது பழைய சிரிப்பா, புதியதா என்று அந்த வெளிச்சத்தில் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

மகள் கேட்டதற்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்; நான் கூடத்தில் அந்த மூன்றாவது பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீ அன்னைக்குக் கேட்டியேம்மா, அது பழக்கம்தான்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "பழக்கம்னா எதுக்குப்பா சத்தத்த கூட்டுறீங்க?" என்றாள்.